மொழிபெயர்ப்பில் காலம்

நுழையும்முன்

வினைச்சொல் செயலை உணர்த்துவதோடு காலத்தையும் காட்டும். இது தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் பொது. ஆயினும் காலத்தைக் காட்டும் முறை இரு மொழிகளிலும் ஒன்றன்று. ஒரு மொழி வெளிப்படச் சொல்வதை மற்றொரு மொழி சூழலுக்கு விட்டுவிடும். இவ்வேறுபாட்டை உணராமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சான்றிதழ், மருத்துவக் குறிப்பு, வழக்குமன்ற வாக்குமூலம் ஆகியவற்றின் பொருளே மாறிவிடும். ஆங்கில வினையின் கால வடிவங்களைத் தமிழின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

தமிழில் காலம்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஆறாவது இயலாகிய வினையியலில் காலத்தை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றாகப் பகுத்தார். அம்மூன்றையும் காட்டும் இடைநிலைகளைப் பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்துரைத்தார். த், ட், ற், இன் ஆகியன இறந்தகாலத்தையும், ஆநின்று, கின்று, கிறு ஆகியன நிகழ்காலத்தையும், ப், வ் ஆகியன எதிர்காலத்தையும் காட்டும். 'எழுதினாள், எழுதுகிறாள், எழுதுவாள்' என்னும் மூன்று சொற்களில் பகுதியும் விகுதியும் மாறவில்லை. நடுவில் நிற்கும் இடைநிலையே காலத்தை மாற்றுகிறது.

செயல் முடிந்ததா, தொடர்கிறதா, பலகாலமாக நடந்து வருகிறதா என்பனவற்றைத் தமிழ் துணைவினைகளால் உணர்த்தும். 'எழுதிவிட்டாள்' என்பது முடிவையும், 'எழுதிக்கொண்டிருக்கிறாள்' என்பது தொடர்ச்சியையும், 'எழுதிவருகிறாள்' என்பது நெடுங்காலப் பழக்கத்தையும், 'எழுதியிருக்கிறாள்' என்பது முடிந்த செயலின் பயன் இன்றும் நிற்பதையும் காட்டுகின்றன. எனவே, தமிழில் மூன்று காலங்களே உள்ளன, ஆங்கிலத்தில் பன்னிரண்டு உள்ளன என்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கும் நுட்பங்கள் பலவும் தமிழில் துணைவினைகளாக வழங்கிவருகின்றன.

ஆங்கிலத்தில் காலம்

ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் உண்மையில் இரண்டே. 'ரைட்', 'ரைட்ஸ்' என்பன நிகழ்கால வடிவங்கள். 'ரோட்' என்பது இறந்தகால வடிவம். எதிர்காலத்திற்கெனத் தனி வடிவம் இல்லை. 'வில்' அல்லது 'ஷேல்' என்னும் துணைவினையை முன்னே இட்டு எதிர்காலம் உணர்த்தப்படுகிறது. ஆங்கிலத்திற்கு இரண்டு காலங்களே உண்டு என மொழியியலார் பலர் கூறுவது இதனாலேயே. கற்பிக்கும் வசதி கருதிப் பள்ளி இலக்கணங்கள் மூன்று காலங்களாகக் கொள்கின்றன.

ஒவ்வொரு காலமும் நான்கு நிலைகளைப் பெறும். அவை இயல்பு நிலை, தொடர் நிலை, நிறைவு நிலை, நிறைவுத்தொடர் நிலை என்பன. மூன்று காலங்களும் நான்கு நிலைகளும் கூடிப் பன்னிரண்டு வடிவங்கள் ஆகின்றன.

நிகழ்காலம்
இயல்பு: ஷி ரைட்ஸ்
தொடர்: ஷி ஈஸ் ரைட்டிங்
நிறைவு: ஷி ஹேஸ் ரிட்டன்
நிறைவுத்தொடர்: ஷி ஹேஸ் பீன் ரைட்டிங்

இறந்தகாலம்
இயல்பு: ஷி ரோட்
தொடர்: ஷி வாஸ் ரைட்டிங்
நிறைவு: ஷி ஹேட் ரிட்டன்
நிறைவுத்தொடர்: ஷி ஹேட் பீன் ரைட்டிங்

எதிர்காலம்
இயல்பு: ஷி வில் ரைட்
தொடர்: ஷி வில் பி ரைட்டிங்
நிறைவு: ஷி வில் ஹேவ் ரிட்டன்
நிறைவுத்தொடர்: ஷி வில் ஹேவ் பீன் ரைட்டிங்

இப்பன்னிரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'பி' என்னும் துணைவினையும் 'இங்' ஈறும் சேர்ந்தால் தொடர்நிலை. 'ஹேவ்' என்னும் துணைவினையும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்தால் நிறைவு நிலை. இரண்டும் இணைந்தால் நிறைவுத்தொடர் நிலை. முதலில் நிற்கும் துணைவினை காலத்தைக் காட்டும். இவ்விதிகளை அறிந்தவர் எந்த வினையையும் பன்னிரண்டு வடிவங்களில் அமைக்கலாம்.

தெரியுமா?
'வில்' என்பதன் பழைய பொருள் 'விரும்பு' என்பது. 'ஷேல்' என்பதன் பழைய பொருள் 'கடன்பட்டிரு' என்பது. விருப்பத்தையும் கடமையையும் குறித்த சொற்களே பின்னர் எதிர்காலம் காட்டும் துணைவினைகளாயின. தன்மையில் 'ஷேல்', முன்னிலையிலும் படர்க்கையிலும் 'வில்' என்னும் விதியை ஜான் வாலிஸ் என்பார் 1653இல் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் வகுத்தார். இன்றைய வழக்கில் 'வில்' என்பதே மூவிடத்திற்கும் பொதுவாக வழங்குகிறது.

நிகழ்காலம் எனப்படுவது எது?

நிகழ்காலம் என்றவுடன் 'இப்போது நடப்பது' என்று கொள்வது இயல்பு. ஆங்கிலத்தின் இயல்பு நிகழ்காலம் பெரும்பாலும் அதனைக் குறிப்பதில்லை. 'ஷி ரைட்ஸ் போயம்ஸ்' என்றால் அவள் இந்நொடியில் எழுதுகிறாள் என்பது பொருளன்று. கவிதை எழுதுவது அவளது வழக்கம் என்பதே பொருள். இந்நொடியில் நடப்பதைச் சொல்ல 'ஷி ஈஸ் ரைட்டிங்' என்னும் தொடர்நிலை வேண்டும். தமிழில் 'எழுதுகிறாள்' என்னும் ஒரு சொல் இவ்விரண்டிற்கும் பொருந்தும். மொழிபெயர்ப்பவர் சூழலை நோக்கி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

வழக்கத்தையும் இயற்கை நியதியையும் தமிழ் எதிர்கால வடிவத்தாலும் சொல்லும். 'சூரியன் கிழக்கில் உதிக்கும்', 'அவர் நாள்தோறும் காலையில் நடப்பார்' என்னும் தொடர்களில் எதிர்காலப் பொருள் இல்லை. இவற்றை 'வில் ரைஸ்', 'வில் வாக்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. 'ரைசஸ்', 'வாக்ஸ்' என்பனவே பொருந்தும். 'அந்நாளில் அவர் நடந்தே பள்ளிக்குச் செல்வார்' என்பதிலும் எதிர்கால இடைநிலையே உள்ளது. ஆனால், பொருள் கடந்தகால வழக்கம். ஆங்கிலத்தில் இதற்கு 'யூஸ்ட் டு வாக்' என்னும் வடிவம் அமையும்.

மாணவர் சிலர் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டு பிரதர்ஸ்' என எழுதுவதுண்டு. தமிழ் நிகழ்காலத்திற்கு நேரானது 'இங்' ஈறே என்று கருதுவதால் இப்பிழை நேர்கிறது. அறிதல், விரும்புதல், நம்புதல், உடைத்தாயிருத்தல் ஆகியவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலையை உணர்த்தும் வினைகளை ஆங்கிலம் பொதுவாகத் தொடர்நிலையில் வழங்குவதில்லை. தமிழும் இவ்வேறுபாட்டை அறியும். 'எனக்குத் தெரியும்' என்பதே வழக்கு. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எவரும் சொல்வதில்லை. தாய்மொழியின் இவ்வியல்பை எண்ணிப் பார்த்தாலே இப்பிழை நீங்கும்.

நிறைவு நிலையின் நுட்பம்

தமிழ் மாணவர்க்கு மிகுந்த இடர் தருவது நிகழ்கால நிறைவு வடிவமாகும். 'ஹேவ்' என்னும் வினைக்கு 'வைத்திரு, உடைத்தாயிரு' என்பது பொருள். எழுதி முடிக்கப்பட்ட நிலையில் ஒரு கடிதத்தை வைத்திருக்கிறேன் என்னும் பொருளில் எழுந்த தொடரே காலப்போக்கில் 'ஐ ஹேவ் ரிட்டன்' என்னும் வடிவமாக வளர்ந்தது. தமிழில் 'எழுதி வைத்திருக்கிறேன்' என்பது இதற்கு மிக நெருங்கியது. செயல் முடிந்துவிட்டது; ஆயினும் அச்செயலின் பயன் இப்போது கையில் இருக்கிறது. எனவே இவ்வடிவம் பழைய செயலைச் சொன்னாலும் நிகழ்காலத்தைச் சார்ந்தே நிற்கிறது.

'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது பிழையாவது இதனாலேயே. 'நேற்று' என்பது முடிந்துபோன நாள். நிகழ்காலத்தைச் சார்ந்த வடிவத்தோடு அது இணையாது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என இயல்பு இறந்தகாலத்தில் எழுதுதல் வேண்டும். நேரம் குறிப்பிடாதபோது 'ஐ ஹேவ் சீன் ஹிம்' என்பது சரியாகும்.

தமிழில் 'இரு' என்னும் துணைவினை 'நேற்று' என்னும் சொல்லோடு தடையின்றி இணையும். காலையில் எழுந்து ஈரமான முற்றத்தைக் காண்பவர் 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்பார். மழையை அவர் நேரில் காணவில்லை. ஈரத்தைக் கண்டு ஊகித்தார். 'மழை பெய்தது' என்பதற்கும் 'பெய்திருக்கிறது' என்பதற்கும் இடையே இவ்வேறுபாடு உண்டு. இங்கு 'இரு' ஊகத்தை உணர்த்துகிறது. ஆங்கிலத்தின் நிறைவு வடிவம் தனித்து இவ்வூகத்தைத் தராது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என ஊகத்தைக் காட்டும் 'மஸ்ட்' என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டும். நேரில் கண்ட சாட்சிக்கும் ஊகித்துச் சொல்லும் சாட்சிக்கும் உள்ள வேறுபாடு வழக்குமன்றத்தில் சிறிதன்று. அவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடலாகாது.

தொடங்கி இன்னும் தொடரும் செயலுக்கும் நிறைவு வடிவமே உரியது. 'அவர் பத்து ஆண்டுகளாக இவ்வூரில் வசித்து வருகிறார்' என்பதனை 'ஹி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என எழுதுதல் வேண்டும். 'ஹி லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என எழுதினால் அவர் இப்போது இவ்வூரில் இல்லை என்னும் பொருள் தோன்றும். வசிப்பிடச் சான்று கோரும் விண்ணப்பத்தில் ஒரு துணைவினையை விட்டுவிட்டால் விண்ணப்பித்தவர் ஊரைவிட்டே போய்விட்டவர் ஆகிவிடுவார்.

மருத்துவக் குறிப்பிலும் இத்தகைய கவனம் தேவை. 'நோயாளி ஜூன் மாதம் முதல் இம்மருந்தை உட்கொண்டு வருகிறார்' என்பதற்கு 'ஹேஸ் பீன் டேக்கிங் ... சின்ஸ் ஜூன்' என்பதே சரியானது. 'டுக் ... இன் ஜூன்' என்றால் ஜூன் மாதத்தில் உட்கொண்டார், பின்னர் நிறுத்திவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். ஒரு மருந்தோடு மற்றொரு மருந்து சேரலாமா என்று முடிவு செய்யும் மருத்துவர்க்கு இவ்விரு தொடர்களும் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன. 'ஃபார்' என்பது கால அளவையும், 'சின்ஸ்' என்பது தொடங்கிய புள்ளியையும் குறிக்கும். தமிழில் 'பத்து ஆண்டுகளாக' என்பதில் வரும் 'ஆக' முன்னதற்கும், 'ஜூன் முதல்' என்பதில் வரும் 'முதல்' பின்னதற்கும் நேராகும்.

முன்பின் காட்டும் வடிவம்

கடந்துபோன இரு செயல்களுள் முன்னே நடந்தது எது என்பதைக் காட்ட ஆங்கிலம் இறந்தகால நிறைவு வடிவத்தைக் கையாள்கிறது. 'வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெய்ன் லெஃப்ட்' என்றால் நிலையத்தை அடைந்ததும் தொடர்வண்டி புறப்பட்டது என்பது பொருள். 'தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட்' என்றால் அடைவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது என்பது பொருள். முதல் தொடரில் வந்தவர்கள் வண்டியின் பின்புறத்தையேனும் கண்டிருப்பர். இரண்டாம் தொடரில் வெறுந்தண்டவாளத்தையே கண்டனர். தமிழில் 'புறப்பட்டது', 'புறப்பட்டிருந்தது' என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகத் தருகின்றன.

எதிர்மறையில் மறையும் காலம்

தமிழ் உடன்பாட்டு வினையில் காலம் தெளிவாகத் தெரியும்; எதிர்மறையில் அது மங்கிவிடும். 'அவர் வரவில்லை' என்னும் தொடர் 'அன்று வரவில்லை', 'இதுவரை வரவில்லை', 'நாளை வரவில்லை' என மூன்று பொருள்களுக்கும் இடம் தரும். ஆங்கிலத்தில் இம்மூன்றும் முறையே 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்', 'ஈஸ் நாட் கமிங்' எனத் தனித்தனி வடிவம் பெறும்.

'வாங்கிய கடனை அவர் திருப்பித் தரவில்லை' என ஒருவர் வாக்குமூலம் அளிப்பதாகக் கொள்வோம். 'ஹி டிட் நாட் ரிபே தி லோன்' எனப் பெயர்த்தால் குறித்த ஒரு காலத்தில் தரவில்லை என்பது மட்டுமே கிடைக்கும். அதன்பின் தந்தாரா என்பது விளங்காது. 'ஹி ஹேஸ் நாட் ரிபெய்ட் தி லோன்' எனப் பெயர்த்தால் கடன் இன்றுவரை தீரவில்லை என்பது உறுதியாகும். சொன்னவர் எதனைக் கருதினார் என்பது தமிழ்த்தொடரில் இல்லை, சூழலில்தான் உள்ளது. சூழலும் தெளிவாக இல்லையெனில் மொழிபெயர்ப்பாளர் தாமாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் சொன்னவரிடமே கேட்டறிதல் நேர்மையாகும்.

வினையே இல்லாத தொடர்களிலும் இந்நிலை உண்டு. 'என் தாத்தா ஆசிரியர்' என்பது தமிழில் முழுமையான தொடர். ஆங்கிலத்தில் 'ஈஸ்', 'வாஸ்' என்பனவற்றுள் ஒன்றை இடாமல் அது நிறைவு பெறாது. 'ஈஸ்' என்றால் தாத்தா இன்றும் பணியில் உள்ளார். 'வாஸ்' என்றால் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் அல்லது மறைந்துவிட்டார். தமிழ் சொல்லாமல் விட்டதை ஆங்கிலம் கேட்டு வாங்குகிறது.

காலம் பிறழ்தல்

ஒரு காலத்திற்குரிய வடிவம் மற்றொரு காலத்தைக் குறிப்பதும் உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் பிறழ்ந்து வரலாம் என நன்னூல் இடம் தருகிறது. இதனைக் காலவழுவமைதி என்பர். உணவுண்டுகொண்டிருப்பவரை வாயிலில் நிற்பவர் அழைக்க, அவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். இன்னும் வரவில்லை; விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாகக் கூறப்பட்டது.

ஆங்கிலத்திலும் இத்தகைய பிறழ்ச்சி உண்டு. 'தி டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பதில் நாளைய செயல் நிகழ்கால வடிவத்தில் வந்துள்ளது. அட்டவணையில் உறுதியான செயல் என்பதே காரணம். 'வண்டி நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது' எனத் தமிழிலும் கூறலாம். கதவு தட்டப்படும் ஓசை கேட்டு 'அது அஞ்சல்காரராக இருக்கும்' என்பதும், 'தட் வில் பி தி போஸ்ட்மேன்' என்பதும் எதிர்கால வடிவத்தால் இப்போதைய ஊகத்தையே உணர்த்துகின்றன. இங்கு இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன.

நிபந்தனைத் தொடரில் இரண்டும் வேறுபடும். 'நாளை மழை பெய்தால்' என்பதில் 'பெய்த்' என்னும் இறந்தகாலத்தோடு ஒத்த அடி உள்ளது, பொருளோ எதிர்காலம். ஆங்கிலம் 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ' என நிகழ்காலத்தை வழங்கும். 'இஃப் இட் வில் ரெயின்' என எழுதுதல் இங்குப் பிழையாகும். நிகழாத ஒன்றை எண்ணிப் பார்க்கும்போது ஆங்கிலமும் இறந்தகாலத்திற்குச் செல்லும். 'எனக்கு முன்பே தெரிந்திருந்தால்' என்பது 'இஃப் ஐ ஹேட் நோன்' எனப்படும்.

பிறர் கூற்றைச் சொல்லும்போதும் வேறுபாடு உண்டு. '"நான் வருகிறேன்" என்று அவள் சொன்னாள்' எனத் தமிழ் அவள் சொன்ன காலத்தை அப்படியே போற்றும். ஆங்கிலத்தின் அயற்கூற்றில் சொன்ன வினை இறந்தகாலமாயின் உள்ளிருக்கும் வினையும் பொதுவாக அதனைத் தழுவி மாறும்: 'ஷி செட் தட் ஷி வாஸ் கமிங்'. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இந்த 'வாஸ்' என்பதைக் கண்டு 'அவள் வந்துகொண்டிருந்ததாகச் சொன்னாள்' என எழுதினால் பொருள் மாறும். 'வருவதாகச் சொன்னாள்' என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

மொழிபெயர்க்கும் முன்

ஒரு தமிழ்த்தொடரை ஆங்கிலமாக்கும் முன் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் பயன் தரும்.

1. செயல் எப்போது நடந்தது? நேரம் குறிக்கப்பட்டுள்ளதா?
2. அது முடிந்ததா, தொடர்கிறதா, வழக்கமா?
3. அதன் பயன் இப்போதும் நிற்கிறதா?
4. சொல்பவர் நேரில் கண்டாரா, ஊகித்தாரா?
5. இரு செயல்கள் உளவாயின் முன்னே நடந்தது எது?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் வடிவத்திற்கு வடிவம் தேடுதல் வேண்டா. பொருளுக்கு உரிய தமிழ் வழக்கைத் தேடுதல் வேண்டும். 'ஹேவ் யூ எவர் சீன் தி சீ?' என்பதற்கு 'நீ கடலைப் பார்த்ததுண்டா?' என்பது இனிய தமிழ். அனுபவத்தைக் கேட்பதற்கு 'உண்டு' என்னும் சொல்லைத் தமிழ் முன்பே வைத்திருக்கிறது.

பிறமொழி இலக்கணத்தைக் கற்பவர் தம் மொழியை மறக்க வேண்டியதில்லை. அதனை இன்னும் கூர்ந்து நோக்கினால் போதும். நாள்தோறும் எண்ணாமல் பேசும் 'இருக்கிறது', 'விட்டது', 'இல்லை' என்னும் சிறு சொற்கள் எத்துணைப் பொருளைச் சுமக்கின்றன என்பது மற்றொரு மொழியில் அவற்றைச் சொல்ல முயலும்போதே புலனாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு நாள் கேட்ட உரையாடலிலிருந்து 'இரு' என்னும் துணைவினை வந்த ஐந்து தொடர்களைத் தொகுத்து, அவை ஊகத்தைக் குறிக்கின்றனவா, நிற்கும் பயனைக் குறிக்கின்றனவா எனப் பிரித்து எழுதுக.
2. 'அவர் இன்னும் சாப்பிடவில்லை', 'அவர் நேற்று சாப்பிடவில்லை' ஆகிய தொடர்களுக்குரிய ஆங்கில வடிவங்களை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. காலவழுவமைதிக்கு அன்றாட வழக்கிலிருந்து நான்கு எடுத்துக்காட்டுகள் தருக.

மதிப்பீடு

குறுவினா
1. ஆங்கிலத்தில் வினையின் வடிவ மாற்றத்தால் உணர்த்தப்படும் காலங்கள் யாவை?
2. 'ஃபார்', 'சின்ஸ்' வேறுபடுத்துக.

சிறுவினா
1. 'நேற்று மழை பெய்திருக்கிறது' என்னும் தொடரை ஆங்கிலமாக்குவதில் உள்ள நுட்பத்தை விளக்குக.
2. நிலையை உணர்த்தும் வினைகள் தொடர்நிலை பெறாமையைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா
தமிழ் எதிர்மறை வினையை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ள வேண்டிய பொறுப்பைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விவரிக்க.